நாயின் திருட்டு முழி

வீடு திரும்பும்போது செருப்பு குதறிக் கிடக்கிறது. நாயோ காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது. "செய்த தப்பு அதற்கே தெரிகிறது பார்!" என்று இரண்டு அடி வைக்கிறோம். தப்பு தெரிந்தும் செய்கிறது, ஆகவே அடித்தால் திருந்தும் என்பது கணக்கு. கணக்கின் முதல் வரியே தவறு. அமெரிக்காவில் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களிடம் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்பண்டத்தைக் காட்டி "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பியதும் நாய் தின்றதா இல்லையா என்று ஆய்வாளர் சொல்வார், சில தடவை வேண்டுமென்றே பொய்யாக. தின்றதற்கும் அந்தத் திருட்டு முழிக்கும் தொடர்பே தென்படவில்லை. திட்டு விழுந்தபோதுதான் அது கூடியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் தூக்கலாக இருந்தது. நாம் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது வெறும் பயம்.

"நான் வாயே திறக்கவில்லை, கதவைத் திறந்ததுமே ஒளிந்ததே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1977இல் பீட்டர் வால்மர் என்பவர், காகிதம் கிழிக்கும் ஒரு நாயின் வீட்டில், வளர்ப்பவரையே காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய்வரச் சொன்னார். கிழிக்காத நாய் அப்போதும் ஒடுங்கியது. ஒரே நாயை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது; ஆனால் தரையில் குப்பை, வாசலில் எஜமானர், இரண்டும் சேர்ந்தால் உதை என்று அது கற்றிருந்தால் போதும், குற்ற உணர்வு எதுவும் தேவையில்லை. மணிக்கணக்கு கழித்து விழும் அடியைக் காலையில் கடித்த செருப்போடு நாய் முடிச்சுப் போடுவதில்லை. நம் வருகையோடு போடுகிறது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பவர்கள், அடித்தபின் குறும்பு நின்றதைக் காட்டுவார்கள். நம் கண்ணெதிரே நின்றது, அவ்வளவுதான். கூடத்தில் சிறுநீர் கழித்ததற்கு உதைபட்ட குட்டி கட்டிலுக்கடியில் போய்க் கழிக்கும். அதைக் கள்ளத்தனம் என்று மறுபடி அடிப்பவர்களும் உண்டு! நான்கு முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு உறுத்தும். எதையாவது கடித்தே தீரும். செருப்பை எட்டாத இடத்தில் வைத்து, கடிக்க ரப்பர் பொம்மை கொடுக்கலாம். அதைக் கடிக்கும் அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும், பத்து நிமிடம் கழித்தல்ல. சிறுநீருக்கும் இதே வழிதான்: தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே கூட்டிப்போய், கழித்த இடத்திலேயே ஒரு பிஸ்கட் துண்டு.