ஆதாயத்துக்கு மாறியவர்கள்

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரைச் சேவித்துவிட்டுத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட் பெரியவர் ஆரம்பித்தார்: “இந்தக் கடற்கரை ஜனங்க எல்லாம் ஆதாயத்துக்கு மாறுனவங்கதான சார்?”

ஆமாம், ஆதாயத்துக்குத்தான். யார் மறைத்தார்கள்? முத்துக்குளிப்பில் மூண்ட சண்டையில் பிழைக்க வழி தேடி, 1530-களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், ஞானஸ்நானம் வாங்கினார்கள். சவேரியார் வந்ததே 1542-ல்தான். காமர்ஸ் படித்தவன் பாஷையில், சுத்தமான கொடுக்கல் வாங்கல்.

ஆனால், கணக்கை அங்கேயே மூடிவிட்டால் எப்படி? 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியார்களைத் துரத்தினார்கள். தங்கள் சபைக்கு வரச் சொன்னார்கள். ஆதாயம் இப்போது அந்தப் பக்கம்! பரதவர்கள் போனார்களா? பெரும்பாலோர் அசையவில்லை. பனிமய மாதாவை விடவில்லை.

2002-ல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்து, 2004-ல் கைவிட்ட சட்டம், ஆசை காட்டி மதம் மாற்றுவதைக் குற்றம் என்றது. உத்தரப்பிரதேசத்தில் 2021-ல் வந்த சட்டப்படி, மதம் மாற 60 நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையான நோக்கம் என்ன என்று போலீஸ் விசாரிக்கும். பரதவர் மனசில் இருந்தது பயமா, பக்தியா? எந்த இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதுவார், சொல்லுங்கள்?

அன்று காலை நான் ஆழ்வார் முன் நின்றதும் மகளின் காலேஜ் சீட்டுக்காகத்தான். அதை எந்த ஆபீஸிலும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.