நெஞ்சைத் திறக்கும் முன் காலையும் பார்க்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில், பூட்டுப் பட்டறையில் நாற்பது வருடம் அரம் பிடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு நடந்து போனால் வழியில் மூன்று இடத்தில் நிற்பார். கெண்டைக்கால் கல்லாக இறுகும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். ‘வாயு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டார். பிறகு நெஞ்சுவலி. வெளியூர் மருத்துவமனை ஒன்றில், உங்கள் திட்ட அட்டையில் பைபாஸ் நடந்தது. இதயம் தேறியது. ஆனால் ஒட்டுப்போட ரத்தக்குழாய் எடுத்த காலில் தையல் மாதக்கணக்கில் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அறுவைக்கு முன் யாரும் தன் பாதத்தில் நாடி பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை விளையும் மாவட்டம் இது. சுருட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். சர்க்கரை நோயும் புகையும் சேர்ந்த இடத்தில், பெரியவருக்கு வந்தது போன்ற கால் ரத்தக்குழாய் அடைப்பு அபூர்வமல்ல. அது காலோடு நிற்பதுமில்லை. காலில் அடைத்திருந்தால் கழுத்திலும் மகாதமனியிலும் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அறுவையில் அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதயத்துக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டால் அந்தக் கால் ஆபத்துக்குள்ளாகலாம். இதய அறுவையின் ஆபத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் யூரோஸ்கோர் என்ற கணக்கு, கால் தமனி நோய் உள்பட இதயத்துக்கு வெளியே உள்ள தமனி நோய்க்குத் தனி மதிப்பெண் கொடுப்பது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கும். கால் ரத்தக்குழாய் அறுவைக்கு வருபவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முதலில் இதயத்தில் ஸ்டென்ட் வைப்பது. அமெரிக்காவில் பெரிய ரத்தக்குழாய் அறுவைக்கு வந்த 510 நோயாளிகளிடம், ஸ்டென்டோ பைபாஸோ முன்கூட்டியே செய்வதைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இதய நிலை சீராக இருந்த அவர்களில், முன்கூட்டியே இதய அடைப்பைச் சரிசெய்த குழுவில் 2.7 ஆண்டுகளில் இறந்தவர்கள் 22 சதவீதம்; செய்யாத குழுவில் 23. முன்கூட்டியே இதயத்தைச் சரிசெய்வது தேவைதானா என்பது, திட்டப் பணம் செலவாகும் இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முன் அனுமதி உங்கள் கையில் இருக்கிறது. அவசரமில்லாத பைபாஸ், ஆஞ்சியோபிளாஸ்டி எதுவானாலும் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த அளவு இல்லாமல் கோப்பு நகரக் கூடாது என்று உத்தரவிடுங்கள். 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் காலில் அடைப்பு. கையடக்க டாப்ளரும் ரத்த அழுத்தப் பட்டையும் போதும், கால் மணி நேர வேலை. நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி இறுகிப்போய் இந்த அளவு பொய்யாக உயரலாம். அவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தைக் கேளுங்கள். அடைப்பு தெரிந்தால் எந்தக் காலில் ரத்தக்குழாய் எடுப்பது, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட முடியுமா என்று மருத்துவர் எழுத வேண்டும். அடைப்பால் வரும் ஆபத்தை நோயாளிக்கும் வீட்டாருக்கும் தமிழில் சொல்லிக் கையொப்பம் வாங்கட்டும். கால் புண்ணுக்கான தொடர் சிகிச்சையும் அதே அனுமதியில் சேரட்டும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறோம். இந்த அளவைக் காட்டி, ‘ஆபத்தான கேஸ்’ என்று யாரையும் திருப்பி அனுப்ப விடாதீர்கள். கால் அடைத்தவர்களைக் காலைவிட அதிகம் கொல்வது இதயம்தான். சிகிச்சை அவர்களுக்கே அதிகம் தேவை. திருப்பி அனுப்பும் மருத்துவமனையிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

பெரியவர் இப்போதும் எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, கால் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.