தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்றால் நாம் மூத்த பிள்ளையிடம் சொல்வது என்ன? "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். இனி அம்மா மடி பாப்பாவுக்குத்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வேடிக்கையா?

பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, த்சூப்பிக்குத் தங்கை பிறக்கும் கதை படப் புத்தகமாகவே இருக்கிறது. "நாமெல்லாம் புத்தகம் பார்த்தா வளர்ந்தோம்?" என்பீர்கள். அன்று பெரிய காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு மடி இருந்தது. இன்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த மடி?

அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 2015-ல் 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் வந்தது. கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட உண்டு. மூத்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

கர்ப்பிணித் தாய் சத்துமாவு வாங்க வரும் அதே அங்கன்வாடியில்தான் மூத்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அம்மா வயிறு, ஆஸ்பத்திரி, தூளி, பாப்பாவின் அழுகை, அதற்குப் பிறகும் அதே அம்மா மடி. இவ்வளவும் சொல்ல எட்டுப் பக்கத் தமிழ்ப் படப் புத்தகம் போதும். அதை அங்கே வைத்தால் கஜானா காலியாகிவிடாது.

அது வரும்வரை, தவிட்டுக் கதையையாவது நிறுத்துவோம். அதற்கு அரசாணை தேவையில்லை.