பரீட்சைக்கு ஜெபிக்கிறோம், சோதனைக்கு?

பரீட்சை சமயத்தில் நம் ஜெபக்குழுக்களில் வரும் ஜெபக் குறிப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? பேப்பர் ஈஸியாக வர வேண்டும், அரியர் கிளியர் ஆக வேண்டும், இன்டர்னல் மார்க்கில் கை வைக்கக்கூடாது. "பக்கத்தில் இருப்பவன் பிட் நீட்டினால் நான் வாங்காமல் இருக்க ஜெபியுங்கள்" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை! பிட் அடித்துப் பாஸான பிறகு "கர்த்தர் பாஸாக்கினார்" என்று சாட்சி வேறு. (அடிக்க வராதீர்கள், முழுதும் படித்துவிட்டு வாருங்கள்.)

விழுந்த பிறகுதான் நமக்குச் சோதனை என்ற வார்த்தையே ஞாபகத்துக்கு வருகிறது. "பிசாசு சோதித்துவிட்டான்" என்று பழியை அவன் தலையில் போட்டு, கண்ணீரோடு ஒரு ஜெபம். அதோடு கணக்கு தீர்ந்தது. யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் சொல்வதோ வேறு: அவனவனுடைய சொந்த ஆசைதான் அவனவனை இழுத்துக்கொண்டு போகிறது. பிசாசைக் கடிந்துகொள்வது சுலபம். சொந்த ஆசையைப் பெயர் சொல்லிக் கடவுள் முன் வைப்பதற்குத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

பேதுருவையே எடுத்துக்கொள்ளுங்கள். லூக்கா 22-ஆம் அதிகாரம். சோதனைக்குள் போய்விடாதபடி ஜெபம்பண்ணுங்கள் என்று ஒலிவ மலையில் இயேசு சீஷர்களிடம் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சொல்கிறார். இவர்களோ தூங்குகிறார்கள். (துக்கத்தினால் தூங்கினார்களாம், லூக்கா கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதுகிறார்!) பேதுருவுக்கு தைரியம் குறைவா? இல்லவே இல்லை. சிறைக்கும் சாவுக்கும் தயார் என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் சொன்னவர். கையில் பட்டயமும் இருந்தது; மல்குஸின் காதை வெட்டியது அவர்தான் என்று யோவான் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு வந்த சோதனை பட்டயம் ஏந்தி வரவில்லை. குளிர்காயும் நெருப்புப் பக்கத்தில், "இவனும் அவரோடு இருந்தவன்தான்" என்று ஒரு வேலைக்காரப் பெண் சொன்ன வடிவத்தில் வந்தது. அந்த நிமிஷத்தில் முழங்கால் போட நேரம் ஏது? ஜெபிக்க வேண்டிய நேரம் மலையிலேயே தூக்கத்தில் போய்விட்டது.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவிக்கு இது புரிந்திருந்தது. பெருந்தீனி, பண ஆசை, கோபம், சோர்வு, பெருமை என்று தொல்லை தரும் நினைவுகளை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திருப்பிச் சொல்ல வேண்டிய வேத வசனங்களை முன்கூட்டியே தொகுத்து ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். வனாந்தரத்தில் இயேசு பிசாசுக்கு வசனத்தாலேயே பதில் கொடுத்தாரே, அதுதான் அவருக்கு முன்மாதிரி. நாமோ "ஆண்டவரே, எல்லாப் பாவத்திலிருந்தும் காத்துக்கொள்ளும்" என்று மொத்தமாக ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எந்தப் பாவம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

"ஜெபித்தாகிவிட்டது, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு கட்சி இருக்கிறது. போத்திபாரின் மனைவி நாள்தோறும் கூப்பிட்டும் யோசேப்பு இணங்கவில்லை. அவள் வஸ்திரத்தைப் பிடித்த அன்று, நின்று ஜெபக்கூட்டம் நடத்தவில்லை. வஸ்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினான். ராத்திரி ஒரு மணிக்குப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பரிசுத்தத்துக்காக ஜெபிக்கும் நண்பர்களே, முதலில் அதைப் பக்கத்து ரூம்காரனிடம் கொடுத்துவிட்டு வந்து ஜெபித்தால் என்ன?