உருக்கும் முன் ஆண்டைப் படியுங்கள்

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பீரோவில் கிடந்த பழைய வெள்ளிச் சாமான்கள் வெளியே வருகின்றன. அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ் இவற்றோடு பாட்டி காலத்து வெள்ளிக் காசுகளும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள நகைக்கடைத் தராசில் ஒன்றாக ஏறினால், பழைய வெள்ளி என்ற ஒரே கணக்கில் முடிந்துவிடும். கொலுசை எடைக்குப் போடுவதில் தவறில்லை. காசை அப்படிப் போடக் கூடாது. தராசு சொல்வது காசின் விலையில் ஒரு பங்கைத்தான். அந்தப் பங்கையும் ஆண்டைப் படிக்காமல் அது சரியாகச் சொல்லாது.

மலாயாவில் புழங்கிய வெள்ளி டாலர்களை எடுத்துக்கொள்வோம். பிரிட்டானியா தேவி சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாயிலும் சில ஆண்டுகள் கல்கத்தாவிலும் லண்டனிலும் அச்சானது. எடை 26.95 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. பின்பக்கம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் மதிப்பு பொறித்திருக்கும். 1903இல் நீரிணைக் குடியேற்ற அரசு ஏழாம் எட்வர்டு மன்னர் தலை பொறித்த சொந்த டாலரை அதே எடையில் வெளியிட்டு, பழைய டாலர்களைப் புழக்கத்திலிருந்து விலக்கியது. 1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அதற்குள் வெள்ளி விலை ஏறியிருந்ததால், காசைச் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம் என்ற நிலை நெருங்கியது. எனவே 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919இல் மறுபடி 16.85 கிராமாகக் குறைத்து, வெள்ளியையும் சரிபாதியாக்கினார்கள். மூன்றுக்கும் பெயர் ஒரு டாலர்தான். ஆனால் முதலாவதில் 24 கிராமுக்குச் சற்று மேல் சுத்த வெள்ளி, இரண்டாவதில் 18 கிராம், மூன்றாவதில் எட்டரை கிராம்கூட இல்லை. இது தெரியாமல் ஒரே விலை பேசினால் விற்பவரோ வாங்குபவரோ ஒருவர் ஏமாந்தே தீர வேண்டும்.

அடுத்தது, சேகரிப்பாளர் தரும் விலை. 1921, 1935 ஆம் ஆண்டுகளின் பம்பாய் வர்த்தக டாலர்கள் அரியவை. 1935இல் லட்சக்கணக்கில் அடித்தும் பெரும்பகுதி உருக்கப்பட்டதால்தான் அது அருமையாயிற்று. சூலத்தின் நடு முனையில் பொடியாக இருக்கும் ‘பி’ என்ற எழுத்து பம்பாய்க்கு அடையாளம். இதையெல்லாம் பார்க்கப் பூதக்கண்ணாடி ஒன்று போதும். விபூதியும் புளியும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அவை அழகு. காசுக்கு அவை கேடு. நூறு ஆண்டுகளில் படிந்த கருமையைத் தேய்த்தெடுத்தால் மேற்பரப்பும் சேர்ந்து தேயும். அதன் பிறகு எந்தச் சேகரிப்பாளரும் முழு விலை தரமாட்டார். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான்.

பெரும்பாலான காசுகள் சாதாரணமானவைதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். உண்மைதான். தேய்ந்த 1920ஆம் ஆண்டு டாலர் யாரையும் பணக்காரராக்காது. ஆனால் எது சாதாரணம், எது அரிது என்பது பார்த்த பிறகுதானே தெரியும்? பார்க்க ஆகும் செலவு ஐந்து நிமிடம். போலிகள் மலிந்த சந்தை இது என்ற எச்சரிக்கை இன்னும் கனமானது. வர்த்தக டாலரின் போலிகள் ஏராளம். காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை. எடை 26.95 கிராமிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகினாலும் சந்தேகப்பட வேண்டும். வெள்ளியிலேயே வார்த்த போலிகளும் உண்டு என்பதால் உரைகல் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. இந்த ஆபத்து வாங்குகிறவருக்கே அதிகம். மூன்று தலைமுறையாக வீட்டில் இருந்த காசை வைத்திருப்பவர், அது வந்த வழியை எழுதிவைத்தால் அதுவே அவருக்குப் பலம். பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்பவரிடம் விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டு இடத்தில் விலை கேட்டு விற்கட்டும் என்பதே என் கோரிக்கை.

இன்னொரு மதிப்பும் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. 1920களின் பிற்பாதியில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வகுக்கப்பட்ட நாள் கூலி, சிலாங்கூர் போன்ற பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு டாலர் என்பது ஆணின் இரண்டு நாள் உழைப்பு, பெண்ணின் இரண்டரை நாள் உழைப்பு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு முக்கியக் கோரிக்கை. தோட்ட நிர்வாகங்களுக்குக் கணக்குப் புத்தகங்கள் இருந்தன. லயத்து வீடுகளில் எஞ்சியவை இதுபோன்ற பொருட்களே. வளையம் வைத்த காசைச் சேகரிப்பாளர் ஒதுக்கலாம். பால்வெட்டுக் கூலியில் மிச்சம்பிடித்து ஒரு பெண் கழுத்தில் அணிந்த காசு என்றால், குடும்ப வரலாற்றுக்கு அந்த வளையமே சான்று.

கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. வீட்டுக் காசை ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளோடு போகலாம். நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, குடும்பங்கள் கொண்டுவரும் காசுகளின் இருபக்கப் படம், எடை, ஆண்டு, வந்த வழி ஆகியவற்றைப் பதியலாம். நகைக்கடைக்காரர்கள் மூன்று டாலர்களின் எடையையும் வெள்ளி அளவையும் ஓர் அட்டையில் எழுதித் தராசுக்கு அருகே மாட்டட்டும்.