மலையிலிருந்து வந்த கடிதம்

கொடைக்கானல் மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் சென்ற மாதம் நம் கைக்கு வந்தது. பெயர் இல்லை. கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். சுற்றுலாப் பருவம் முடிந்தால் கையில் பணமும் இராது, வேலையும் இராது. ‘குளிருக்காக’ என்று தொடங்கிய குடி, இப்போது விடிந்ததும் கைநடுக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. “ஜமாஅத்தில் சொன்னால் மகளுக்கு மாப்பிள்ளை வராது, சொல்லாவிட்டால் மகளுக்கு அத்தாவே இருக்க மாட்டார்” என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் தாண்டிப் படிக்க நமக்குச் சற்று நேரமாயிற்று.

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். அதனாலேயே இந்நோய் நம் வீடுகளில் கூடுதலாக ஒளிந்து வாழ்கிறது. மது அருந்தியமைக்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தமை புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாமோ நிக்காஹ் பேச்சில் அவருடைய பிள்ளைகளைக்கூட விட்டுவைப்பதில்லை.

(குளிர் பற்றி ஒரு வார்த்தை: மது தோலடி இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றும், உண்மையில் உடலின் வெப்பம் வெளியேறிவிடும். மலைவாசிகள் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்.)

சகோதரி, முதலில் ஓர் எச்சரிக்கை. காலையில் கை நடுங்கும் அளவுக்குச் சென்றவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ சித்தப்பிரமையோ வரக்கூடும். உயிருக்கே ஆபத்து உண்டு. ஆகவே வீட்டுக்குள் பூட்டிவைத்துத் திருத்த முயல வேண்டாம். அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பின்னர்தான் நீங்கள் கேட்டிருந்த கூட்டம். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்பதற்குப் பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டுறவு என்று பொருள் கொள்ளலாம். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்து தோல்வியுற்ற பில் வில்சன், தாம் தங்கிய விடுதியின் மதுக்கூடத்து ஓசை காதில் விழ, உள்ளே நுழைவதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுத்தார். தம்மைப் போல் துன்புறும் ஒருவரைக் காட்டுமாறு பாதிரியார்களைக் கேட்டார். அவ்வாறு அறிமுகமானவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம் என்று தொடங்கிய அவர்களின் பேச்சு பல மணி நேரம் நீண்டது. அவ்விருவரால் உருவான இவ்வியக்கம் 1957இல் இந்தியாவிலும் வேரூன்றியது.

கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஊரையும் குடும்பத்தையும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசுவதும் இல்லை. குறையை மூடி மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நமக்கு, அந்த ஒழுங்கைக் கேட்டபோது வெட்கமாகவே இருந்தது.

திண்டுக்கல், மதுரை என்று இறங்கிப் போக வேண்டியிருந்தால் பேருந்திலேயே அரைநாள் கழியும். சவாரி இல்லாத நாளைத் தெரிந்தெடுங்கள். எங்கே, எந்தக் கிழமை என்பதை அறிய, போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லா எண் 14446இல் கேட்டுப் பாருங்கள். மனநல உதவிக்கு 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். புறப்படுமுன் அக்கூட்டம் இன்னும் நடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2020இன் கொரோனாக் காலத்திற்குப் பின் கைபேசி வழியாகவும் கூட்டங்கள் பெருகியுள்ளன. வீட்டில் சிக்னல் கிடைத்தால் அதுவும் ஒரு வழி. எதுவுமே எட்டாவிட்டால், மலையிலேயே குடியை விட நினைக்கும் இன்னொருவர் போதும். இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது அவர்களின் மரபு.

“சர்ச் வளாகத்தில் நடக்கிறதாமே, போகலாமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். இடம் கிடைக்கும் அறையில் கூடுகிறார்கள். அது வழிபாடு அன்று. இறைவனைப் பற்றிய பேச்சு வரும், ஆனால் எந்த மதத்தின் பெயராலும் அன்று. இறுதியில் பிரார்த்தனை சொன்னால் உங்கள் கணவர் மௌனமாக இருந்து தம் துஆவைக் கேட்கட்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் முஸ்லிம்கள் 1989இல் ‘மில்லத்தி இஸ்லாமி’ என்ற பெயரில் இதே பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய முறையில் அமைத்துக்கொண்டனர். போதைப் பழக்கத்திற்கான இதையொத்த இயக்கம் ஈரானில் மிகப் பெரிய அளவில் பரவியிருக்கிறது. ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. என் தம்பியாக இருந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன்.

அவர் வர மறுத்தால்? நீங்கள் போங்கள். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ அமைப்பைத் தோற்றுவித்தார். அவர் குடித்தாலும் நிறுத்தினாலும் நீங்கள் அங்கே போய் அமரலாம். புட்டியை ஒளித்து வைப்பதும், முதலாளியிடம் “காய்ச்சல்” என்று பொய் சொல்வதும் உங்கள் பொறுப்பல்ல என்பதை, அதே பொய்யைச் சொல்லிச் சலித்த பெண்கள் அங்கே சொல்வார்கள். எங்களைப் போன்றவர்கள் சொல்வதைவிட அது காதில் ஏறும்.

உங்கள் மடலை யாரிடமும் காட்டவில்லை. மறுமடல் எழுதினாலும் உறையின் மேல் பெயர் வேண்டாம். போய் வந்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.