பழைய விலாசத்துக்குப் போன கடிதங்கள்



2024 பெப்ரவரியில ஒரு ஞாயிறு பின்னேரம், குட்மேய்ஸ் ஹை ரோட்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு வீட்டின் குசினி மேசையில் ஒரு கடைப்பையைக் கவிட்டுக் கொட்டினோம். இருபத்திமூன்று உறைகள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. நான் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவருக்கு வந்த கடிதங்கள் அவை. செவன் கிங்ஸில் ஒரு அறையில் இருந்தவர், வாடகையைக் கூட்டிக் கேட்டதால் ஒரு ஸ்டேஷன் தள்ளி குட்மேய்ஸுக்கு வந்தார். சாப்பாடு டெலிவரி செய்கிறவர். வேலை, அடுத்த வேலை, நித்திரை. கார் பதிவில் விலாசத்தை மாத்த வேணும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குச் செய்வம், நாளைக்குச் செய்வம் எண்டு பத்து மாதம் போயிட்டுது.

விசயம் தெரியவந்தது ஒரே கிழமையில், இரண்டு பக்கத்தால். பழைய வீட்டில் இருந்த பெடியன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான்: பெய்லிஃப் கதவில் செருகிவிட்டுப் போன தாள். இரண்டு நாள் கழித்து, புது டெலிவரி வேலைக்கு லைசென்ஸ் சோதனைக் குறியீடு கேட்டார்கள். அண்ணை அரச இணையத்தளத்தில் போய்ப் பார்த்தால், லைசென்ஸ் ரத்து. ரத்துச் செய்த கடிதமும் அந்தப் பைக்குள்தான் கிடந்தது.

‘ரிக்கற்’ எண்டு நாங்கள் ஒரே சொல்லால சொல்லுறது இங்கே ஒரு சாமான் இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் எங்கட ஆக்கள் பிழையான இடத்துக்குக் காசைக் கட்டி, சரியான இடத்தில் மாட்டுப்படுகிறார்கள். அந்த மேசையில் நாங்கள் முதலில் செய்தது உறைகளைக் குவியல் குவியலாகப் பிரித்ததுதான்.

முதலாவது குவியல், கவுன்சில் அனுப்புகிற பிசிஎன். இது குற்றவியல் விசயம் இல்லை, சிவில் கடன். பாடசாலை வாசலில் நிறுத்தியதைக் கமரா பிடித்து, அந்த நேரம் 130 பவுண். இருபத்தொரு நாளுக்குள் கட்டினால் பாதி. கட்டாமலும் மறுப்பு எழுதாமலும் விட்டால் ஐம்பது வீதம் கூடி 195. பிறகு நோர்தாம்ப்டனில் இருக்கிற போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவார்கள், அதற்கு அந்த நேரம் 9 பவுண். பெய்லிஃபிடம் கோப்பு போன உடனே அந்த நேரம் 75, அவர் வாசலுக்கு வந்தால் இன்னும் 235. மொத்தம் 514. இத்தனைக்கும் மனிசர் ஒரு கடிதத்தைக்கூடக் கண்ணால் கண்டிருக்கவில்லை.

இதைப் பின்னுக்குத் தள்ள ஒரு வழி இருக்கிறது. ‘எனக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை’ என்று டிஇ9 படிவத்தில் சாட்சிக் கூற்று. காலம் கடந்துவிட்டால் ஏன் பிந்தியது என்று டிஇ7. வேறு சில வகை ரிக்கற்றுகளுக்கு பிஈ2, பிஈ3. ஏற்றுக்கொண்டால் தண்டம் இல்லாமல் போகாது, ஆரம்பத்துக்குத் திரும்பும்; மறுப்பு எழுதவும் அதற்குப் பிறகு லண்டன் தீர்ப்பாயத்துக்குப் போகவும் உரிமை திரும்பக் கிடைக்கும். அண்ணையின் டிஇ7 ஏற்கப்படவில்லை. விலாசத்தை மாத்தாதது அவருடைய பிழை என்பது பதில். அதில் வெல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேணும்.

இரண்டாவது குவியல்தான் நெஞ்சைப் பிடிச்சது. ஈஸ்டர்ன் அவெனியூவில் வேக எல்லையைத் தாண்டியதற்குப் பொலிஸ் அனுப்பிய கடிதம். ‘யார் ஓட்டியது?’ என்று கேட்டு, 28 நாளுக்குள் பதில் தரச் சொல்கிறது. பதில் போயிருந்தால் அனேகமாக 100 பவுணும் மூன்று புள்ளியும், அல்லது ஒரு வகுப்பில் இருந்து எழும்பி வந்திருக்கலாம். பதில் போகாததால் அது வேறொரு குற்றமாக மாறியது: ஓட்டுநர் விபரம் தராத குற்றம். லைசென்ஸ் பதிவில் எம்எஸ்90 என்று விழும். ஆறு புள்ளி. இந்த நாட்டில் சோதனை பாஸ் பண்ணி இரண்டு வருசம் ஆகாதவருக்கு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு புள்ளி என்றால் லைசென்ஸ் போச்சு. அண்ணை பாஸ் பண்ணியது 2022 ஒக்டோபர். ஊரில் பதினைந்து வருசம் லொறி ஓடினவர் என்பது கணக்கில் வராது.

இந்தத் தீர்ப்பை ஆர் குடுத்தது? 2015ஆம் ஆண்டில் கொண்டுவந்த ‘தனி நீதவான் நடைமுறை’. ஒரு நீதவான், ஒரு சட்ட ஆலோசகர், கடதாசிகள். திறந்த நீதிமன்றம் இல்லை, எதிரே ஆளும் இல்லை. குற்றச்சாட்டுக் கடிதத்துக்கு 21 நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆள் இல்லாமலே முடித்துவிடலாம். தண்டம் வருமானத்தைப் பார்த்துத்தான் போடப்படும், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வருமான விபரம் தராதவருக்கு வாரம் 440 பவுண் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்றரை வார வருமானம் 660, அதில் நாற்பது வீதம் மேலதிக அறவீடு 264, வழக்குச் செலவு வேறு. ஆயிரத்துக்குக் கிட்ட. அந்த வருசம் பல கிழமைகளில் அண்ணை 440ஐக் கண்டதே இல்லை.

இந்தக் குவியலை நாங்கள் திறந்த முறையைச் சொல்லுறன், குறித்து வையுங்கோ. லைசென்ஸ் இலக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம், போஸ்ட்கோட், இந்த மூன்றும் இருந்தால் டிவிஎல்ஏ பதிவை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்தக் குறியீடு, எந்தத் திகதி, எத்தனை புள்ளி எல்லாம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போன் எடுத்து, பழைய விலாசத்தையும் பிறந்த திகதியையும் சொன்னால் வழக்கு இலக்கம் கிடைக்கும். காத்திருக்கும் இசையை முக்கால் மணித்தியாலம் கேட்டோம். பிறகு சத்தியக் கூற்று: ‘இந்த வழக்கு நடந்தது எனக்குத் தெரியாது’ என்று, தெரிய வந்த நாளில் இருந்து 21 நாளுக்குள். 1980ஆம் ஆண்டு மஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தில் இருக்கிற உரிமை இது. கூற்று ஏற்கப்பட்டால் தீர்ப்பு செல்லாததாகும், வழக்கு முதலில் இருந்து தொடங்கும். பொய்யாகச் செய்தால் அதுவே குற்றம். கடிதம் கிடைத்தும் ஒளித்து வைத்தவருக்கு இது வழி இல்லை.

புது வழக்கில் அண்ணை வேகத்தை ஒப்புக்கொண்டார், விபரம் தராத குற்றச்சாட்டை அரச தரப்பு கைவிட்டது. மூன்று புள்ளி. லைசென்ஸ் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முன் ஏழு கிழமை அவர் கார் திறப்பைத் தொடவில்லை. ரத்தான லைசென்ஸோடு ஓடினால் இன்சூரன்ஸும் செல்லாது, அது இதைவிடப் பெரிய பள்ளம். அந்த ஏழு கிழமை வாடகைக்கு ஆக்கள் கைமாற்றுக் குடுத்தார்கள்.

தனியார் கார் பார்க் கடிதங்களும் பிசிஎன் என்ற அதே மூன்று எழுத்தோடு வரும், ஆனால் அவை அரசின் தண்டம் இல்லை, ஒப்பந்தக் கட்டணம். ‘அதை எறி’ என்பது பழைய புத்திமதி. 2015இல் பீவிஸ் வழக்கில், செம்ஸ்ஃபோர்ட் கார் பார்க் ஒன்றின் 85 பவுணை உச்ச நீதிமன்றம் சரி என்று சொன்ன பிறகு அந்தப் புத்திமதி செல்லாது.

இன்னொரு புத்திமதியும் எங்கட சனத்துக்குள்ள உலாவுது: ‘மனிசியின்ர பேரில புள்ளியைப் போடு.’ பின்னாளில் அமைச்சரான கிறிஸ் ஹியூன் 2003இல் எசெக்ஸில் எம்11இல் வேகமாக ஓடி, மனைவி விக்கி பிரைஸ் அந்தப் புள்ளிகளை எடுத்தார். பத்து வருசம் கழித்து, 2013இல், இரண்டு பேருக்கும் எட்டு மாதச் சிறை. முன்னாள் அமைச்சருக்கே அந்தக் கதி.

ஊரில் பொலிஸ்காரன் கையை நீட்டி மறிப்பான், லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு தருவான், பதினாலு நாளுக்குள் தபால் கந்தோரில் தண்டம் கட்டித் துண்டைக் காட்டி லைசென்ஸை மீட்க வேணும். அதில் லஞ்சம் உண்டு, அவமானம் உண்டு, தமிழனுக்கு அதைவிட மேலேயும் உண்டு. நான் அதை நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் தண்டம் விழுந்தது உனக்குத் தெரியும். இங்கே கமராவுக்கும் உனக்கும் இடையில் இருப்பது ஒரு விலாசம் மட்டும். வீடு வைத்திருப்பவருக்கு விலாசம் இருபது வருசத்துக்கு ஒன்று. அறையில் இருப்பவருக்கு வருசத்துக்கு ஒன்று. ஒரே வேகம், ஒரே கமரா. ஒருவருக்கு 100 பவுண், மற்றவருக்கு ஆயிரமும் வேலையும்.

அமெரிக்காவின் ஃபெர்குசனில் 2014இல் மைக்கல் பிரவுன் கொல்லப்பட்ட பிறகு நீதித் திணைக்களம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இருபத்தோராயிரம் பேர் அளவில் வாழும் ஊரில், ஒரே வருசத்தில் 9,000க்கு மேற்பட்ட பிடியாணைகள், பெரும்பாலும் போக்குவரத்து, நிறுத்தல் போன்ற சில்லறை விசயங்களுக்கு. குட்மேய்ஸ் ஃபெர்குசன் இல்லை. ஆனாலும் சின்னத் தண்டம் கடனாகி, கடன் வாசலில் வந்து நிற்கிற அந்தப் பாதை எங்களுக்குத் தெரிந்த பாதைதான்.

எங்கட குழுவுக்குள்ளேயே இரண்டு ஆட்சேபனை வந்தது. ஒன்று, கார்க்காரருக்கு வக்காலத்து வாங்குறதா எண்டு. யூலெஸ் 2023 ஓகஸ்டில் இந்தப் பக்கம் வந்தபோது அதை ஆதரித்து இதே மடலில் எழுதியவள் நான். இப்பவும் ஆதரிக்கிறேன். பாடசாலை வாசலில் கார் நிக்கக் கூடாது, வேக எல்லை வேணும். பின்லாந்தில் 2002இல் நோக்கியா அதிகாரி ஒருவருக்கு வேகத்துக்காக 1,16,000 யூரோ தண்டம் போட்டார்கள், நாள் வருமானத்தை வைத்துக் கணக்குப் பார்த்து. அந்த மாதிரித் தண்டத்தை நான் எதிர்க்க மாட்டேன்.

மற்றது, இது அரசியலா, தொண்டு வேலையா எண்டு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 2024 ஓகஸ்ட் 15ஆம் திகதி தலைமை நீதவான், இதே தனி நீதவான் நடைமுறையில் ரயில் கட்டண வழக்குகளில் கொடுத்த தீர்ப்புகள் செல்லாது என்றார். 74,000 வரையான தீர்ப்புகள். அந்தச் சட்டப்பிரிவுக்கு அந்த நடைமுறையைப் பாவிக்கவே அதிகாரம் இருக்கவில்லை. அத்தனை கடதாசிகள் நீதவான்களின் கையால் போயும் பல வருசம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூடிய அறையில் நடப்பதை ஒவ்வொரு உறையாகத் திறந்து பார்த்தவர்களால்தான் அது வெளியில் வந்தது. தம்பிக்கு என்னட்ட இருக்கிற பதில் இவ்வளவுதான். அவர் இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் அதே குசினியில் மேசை போடுகிறோம். நாங்கள் வழக்கறிஞர்கள் இல்லை. படிவம் தேடுவோம், போனில் கூட இருப்போம், சிக்கலானதைச் சட்ட நிலையத்துக்கு அனுப்புவோம். அதற்கு முன் இண்டைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கு: லைசென்ஸில் விலாசத்தை மாத்தினால் கார் பதிவில் மாறாது. இரண்டும் வெவ்வேறு, இரண்டும் இலவசம். அம்மா அப்பாவின் கார் உங்கட பேரில் இருந்தால் அதையும் பாருங்கோ.

அண்ணை பெய்லிஃபுக்கு மாதம் 40 பவுண்படி கட்டிக்கொண்டிருக்கிறார். மேசைக்கு தேநீர் போடுறதும் அவர்தான். வரும்போது கார் பதிவுப் புத்தகம், லைசென்ஸ், தேசியக் காப்புறுதி இலக்கம், உறைகள் எல்லாம் கொண்டு வாருங்கோ. திறக்காமலே கொண்டு வந்தாலும் பரவாயில்லை.